அப்பா ஜாடைக்காரி

என் தங்கை பஸ் ஓட்டுகிறவள். பிறந்த அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் பிரசவ வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டதாம். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்கு ஹாரன் என்றுதான் பெயர். வைத்தவர் அப்பா. இருபத்தாறு வயதில் அவள் நிஜமாகவே ஹாரன் அடிக்கிற வேலைக்குப் போய்ச் சேர்ந்தபோது, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு வாரம் பெருமையடித்துக்கொண்டார்.

அவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். என்னைப் பற்றியும் கொஞ்சம் வரும், வேறு வழியில்லை. என்னை விட்டுவிட்டு அவளைச் சொல்ல முடியாதபடி எங்கள் வீட்டு ஆட்கள் செய்து வைத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நடுவில் நான் பல்லைக் கடித்தால் யாரும் ஆச்சரியப்பட வேண்டாம்.

அம்மா மார்பகப் புற்றுநோயில் போனபோது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. எனக்குப் பதினாறு, ஹாரனுக்குப் பதினொன்று. சில மாதம் கழித்து அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, அதே நோயில் முப்பத்தொன்பதில் போனாள். சித்தி வீட்டுத் துக்கத்துக்கு அப்பாவின் தங்கை வந்திருந்தாள். எங்களுக்கு அத்தை. அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் பிள்ளைகளின் முகவாயை இரண்டு விரலால் தூக்கி, வெளிச்சம் பார்த்துத் திருப்பி, இது யார் ஜாடை என்று தீர்ப்புச் சொல்லுவாள். கண் யாருடையது, மூக்கு யாருடையது, நெற்றி எந்தப் பாட்டனுடையது என்று பிரித்துப் பங்கு போடுவாள். அன்றைக்கு என் முகத்தைத் தூக்கினாள். ஜன்னல் பக்கம் திருப்பினாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படியே அவ அம்மாவை உரிச்சு வெச்சிருக்கா. பாவம்" என்றாள்.

அடுத்து ஹாரனின் முகம். "இது எங்க அண்ணன் ஜாடை. இதுக்கு ஒண்ணும் வராது."

அந்த இரண்டு பேச்சும் எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டன. அம்மாவின் முகமும் நடையும் கழுத்து மச்சமும் எனக்கு வந்திருந்தன, அதனால் நோயும் எனக்குத்தான் என்று எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். யாராவது கொஞ்சம் அதிகப் பிரியமாகப் பேசினால்கூட, சாகப்போகிறவளிடம் பேசுகிறார்கள் என்று தோன்றும். ஒரு வரன் முக்கால்வாசி முடிந்து, பையனின் அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் நின்றுபோனது. அதற்கு மேல் நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்தேன். இந்தக் கண்ணாடியில் தெளிவா, அந்தக் கண்ணாடியில் தெளிவா என்று நாள் முழுக்க ஊராரைக் கேட்பேன். வருடம் தவறாமல் ஸ்கேனுக்குப் போவேன். சோப்புப் போடுகிற கை எங்கே எதைத் தொட்டுவிடுமோ என்று பயந்து பயந்தே இருபத்தாறு வருடம் குளித்தேன்.

ஹாரனுக்கு அந்தக் கவலையே கிடையாது. வயிறாரச் சாப்பிட்டாள், வாய் கொள்ளாமல் சிரித்தாள், ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஒருவரைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள். ஒரு பெண் பிறந்தாள். அது என்னை உரித்து வைத்திருந்தது. மச்சம் உட்பட. தொட்டிலைப் பார்த்ததும் அத்தையின் முகம் செத்துப்போனதை நான் கவனித்தேன். அன்றைக்கு அவள் குழந்தையின் முகவாயைத் தொடவில்லை.

நாற்பத்திரண்டு முடிந்து நாற்பத்து மூன்றை நான் நெருங்கியபோது ஸ்கேன் பார்க்கும் இடத்தில் ஒரு புது டாக்டர் வந்தார். அம்மா, சித்தி இருவரின் கதையையும் கேட்டுவிட்டு, "இது பரம்பரையா வர்ற மாதிரி இருக்கு. அந்த மரபணுக் கோளாறு இருக்கான்னு ரத்தத்துல பார்க்கலாம். நோய் வந்தவங்க உயிரோட இருந்தா முதல்ல அவங்களுக்குப் பார்ப்போம். உங்க வீட்ல அப்படி யாரும் இல்லை. அதனால நீங்களும் தங்கையும் சேர்ந்தே கொடுங்க" என்றார்.

ஹாரன் எனக்குத் துணைக்குத்தான் வந்தாள். அதைப் பல தடவை சொல்ல வேண்டும் போலிருக்கிறது, துணைக்குத்தான் வந்தாள். காக்கிச் சட்டையோடு டிப்போவிலிருந்து நேராக வந்து, கையை நீட்டி, "எனக்கும் குத்துங்க. இவ தனியா பயந்தா மூஞ்சியைப் பார்க்க முடியாது" என்று நர்ஸைச் சிரிக்க வைத்தாள்.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. டாக்டர் அறையில் நான் கைப்பையை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹாரன் என் முதுகில் கை வைத்திருந்தாள். டாக்டர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தார்.

"பெரியவங்களுக்கு இல்லை" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "சின்னவங்களுக்கு இருக்கு."

முதல் ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். தலையிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கியது போல இருந்தது. அடுத்த நொடி, முதுகில் இருந்த கை எடுபட்டது. திரும்பிப் பார்த்தேன். என் தங்கையின் முகத்தில் அந்த மாதிரி ஒரு பயத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பயந்து பழக்கமில்லாத முகம். அதற்கு எங்கே போய் ஒளிவது என்றுகூடத் தெரியவில்லை.

"டாக்டர், ரத்தம் மாறிப் போயிருக்கு" என்றாள். "இவளைப் பாருங்க. இவதான் எங்க அம்மா. நான் அப்பா ஜாடை."

"முகத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைம்மா. அம்மாகிட்டேர்ந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மூக்கு தனியா வரும், இது தனியா வரும்."

அவள் கேட்கவில்லை. இன்னொரு தடவை ரத்தம் எடுக்க வைத்தாள். குழாயில் பெயர் ஒட்டுகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். இரண்டாவது தடவையும் அதே முடிவுதான் வந்தது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இப்படி உள்ள பெண்கள் நூறு பேரில் அறுபது எழுபது பேருக்கு வாழ்நாளில் மார்பில் வந்துவிடுகிறது. ஒரு வழி, விடாமல் ஸ்கேன் பார்த்துக்கொண்டே இருப்பது. வந்தால் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம், வராமல் தடுக்க முடியாது. இன்னொரு வழி, வருவதற்கு முன்பே இரண்டு மார்பையும் எடுத்துவிடுவது. அப்போதும் அபாயம் ஒரேயடியாகப் போய்விடாது, ஆனால் ரொம்பக் குறைந்துவிடும். சினைப்பையிலும் வரலாம், அதைப் பற்றி நாற்பது வயதை ஒட்டிப் பேசலாம். கடைசியில், "முடிவு உங்களோடது" என்றார். நல்ல மனிதர்தான். ஆனாலும் அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலில் நிற்க முடியாதவளிடம் கையில் மூட்டையைக் கொடுத்து, முடிவு உன்னுடையது என்றால் என்ன அர்த்தம்?

முப்பத்தேழு வயது. உடம்பில் ஒரு வலி கிடையாது. கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் இருக்கிற இடத்தில் ஒழுங்காக இருக்கிறது. அதை அறுக்கக் கொடு என்கிறார்கள். ஹாரன் அதைப் பற்றிப் பேசவே மறுத்தாள். கூடுதல் ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டு ஓட்டினாள்.

நான் விடவில்லை. பயத்தில் எனக்கு இருபத்தாறு வருட அனுபவம், அவளுக்கு இருபத்தாறு நாள்கூட ஆகவில்லை. ஒரு நாள் டிப்போவுக்கே போய்விட்டேன். அவள் வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். தினமும் வண்டி எடுக்கும் முன் ஒரு இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டி, தலையைச் சாய்த்து, சத்தத்தைக் கேட்பாள். பிரேக்கை மூன்று தடவை மிதித்துப் பார்ப்பாள். மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால், நேற்று வரைக்கும் நன்றாக ஓடிய வண்டியானாலும் எடுக்க மாட்டாள். மேலதிகாரி கத்தினாலும் சரி, சந்தேகம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிவிடுவாள்.

"சந்தேகம்னா வண்டியையே எடுக்க மாட்டே. உன் உடம்பை மட்டும் எப்படிடி தினமும் எடுத்துட்டுக் கிளம்பறே?" என்று கேட்டேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த கேள்வி.

அவள் கம்பியைக் கீழே வைத்தாள். "பஸ்ஸும் நானும் ஒண்ணா? பஸ்ஸுக்கு வேற டயர் மாட்டுவாங்க. எனக்கு என்னத்தை மாட்டுவாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேலும் சொன்னாள்: "உனக்கு இல்லைன்னு ஆயிடுச்சு. அதான் புத்திமதி இவ்வளவு நல்லா வருது."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. பதிலுக்கு நானும் சும்மா இருக்கவில்லை. சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அதோடு பேச்சு நின்றது. அவளுடைய பஸ் என் கடையைத் தாண்டித்தான் போகும். பதினோரு வருடமாக, தாண்டும்போதெல்லாம் சின்னதாக இரண்டு ஹாரன் கொடுப்பாள். அந்த மூன்று வாரம் பஸ் மட்டும் போனது, சத்தம் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் யாருடைய மூக்கிலோ கண்ணாடியை மாட்டியபடி நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது வாரக் கடைசியில் போன் வந்தது. என்னிடம் சொல்லாமல் முதல் ஸ்கேனுக்குப் போயிருக்கிறாள். இடது பக்கம் ஒரு நிழல் தெரிகிறது, ஊசி போட்டு எடுத்துப் பார்க்க வேண்டும், முடிவு தெரியப் பத்து நாளாகும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"அக்கா" என்றாள். பிறகு, "நீ எப்படிக்கா இத்தனை வருஷம் இதோட இருந்தே?" என்றாள்.

அந்தப் பத்து நாளில் அவள் பாதியாகிவிட்டாள். சோறு இறங்கவில்லை. கை தானாக இடது பக்கம் போய்க்கொண்டே இருந்தது. அவள் வீட்டுக்காரர் வீட்டு ஃப்ரிட்ஜைக் கழற்றிக் கூடம் முழுக்கப் பரப்பி வைத்திருந்தார். "என்ன தம்பி ஆச்சு அதுக்கு?" என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகலைக்கா. நல்லாத்தான் ஓடிச்சு" என்றார். மாட்டுவார், மறுபடி கழற்றுவார். பால் கெட்டுப்போனது. யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

ஏழாம் நாள் அவள் ஒரு நிறுத்தத்தில் நிற்காமல் போய்விட்டாள். இறங்க வேண்டிய நாலைந்து பேர் கூச்சல் போட்டபிறகுதான் அவளுக்குச் சுரணை வந்தது. சிக்னலில் நின்றபோது அக்குளைத் தொட்டுப் பார்த்தாளாம், பச்சை விழுந்ததும் காலை வைத்தாளாம், அதற்கப்புறம் என்ன நடந்தது என்று நினைவில்லை. வண்டி நிறைய ஆள். அந்த நடையை முடித்து டிப்போவுக்குப் போய், சாவியை மேசையில் வைத்தாள். தினமும் வண்டியைப் பற்றி எழுதுகிற தாளில், 'வண்டி நல்ல நிலை. ஓட்டுநர் சந்தேகம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள்.

பத்தாம் நாள் முடிவு வந்தது. வெறும் நீர்க்கட்டி, பயப்பட ஒன்றுமில்லை. ஹாரன் அங்கேயே உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதாள். வெளியே வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பார்த்தியா, ஸ்கேனே போதும். அறுக்கல்லாம் வேண்டாம்" என்றாள். அறுவை டாக்டரைப் பார்க்கத் திங்கட்கிழமைக்கு நான் வாங்கி வைத்திருந்த நேரத்தை ரத்து செய்துவிடச் சொன்னாள். அவள் முகத்தில் பழைய சிரிப்பு திரும்பியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் என்ன சொல்வது? சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். ஃப்ரிட்ஜ் ஒரு வழியாக மூலைக்குப் போயிருந்தது. அவள் மகளுக்கு அப்போது பதினோரு வயது. பெரியவர்கள் பேசுவது எதுவும் அவளுக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். எல்லா வீட்டிலும் பெரியவர்கள் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள்.

"பெரியம்மா, நான் உங்களை உரிச்சு வெச்சிருக்கேன்னுதானே எல்லாரும் சொல்றாங்க?" என்று கேட்டாள்.

"ஆமா. அதுக்கென்ன?"

"உங்களுக்குத்தான் அது இல்லையே. அப்ப எனக்கும் வராது." அம்மா பக்கம் திரும்பினாள். "நீ கவலைப்படாதம்மா. நான் தப்பிச்சிட்டேன்."

ஹாரனின் கை தட்டிலேயே நின்றது. "யாருடி உனக்கு இதைச் சொன்னா?"

"யாரும் சொல்லலை. கண்ணாடியில பார்த்து நானே கண்டுபிடிச்சேன்."

என் முகவாயைத் தூக்கிய அந்த இரண்டு விரலும் இந்தக் குழந்தையைத் தொடவே இல்லை. ஆனாலும் அது இங்கே வந்து சேர்ந்துவிட்டது. அதே முட்டாள்தனம்தான், இந்தத் தடவை தலைகீழாக.

ஹாரன் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்து, மகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இங்க பாரு. மூஞ்சியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. என்கிட்டயும் இப்படித்தான் சொன்னாங்க. நானும் நம்பினேன்."

"அப்ப எனக்கு வருமா?"

"தெரியாது. நீ பெரியவளானதும் டாக்டர்கிட்ட கேட்டுப் பார்த்துக்கலாம்."

"தெரியாதுன்னா பயமா இருக்குமே."

"இருக்கும். எனக்கும் இருக்கு."

குழந்தை அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. நாங்கள் யாரும் அதற்கப்புறம் சாப்பிடவில்லை. பாத்திரம் கழுவும்போது ஹாரன் என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"அம்மா போனப்ப எனக்கு இவ வயசு. நான் அழுதப்பல்லாம், உனக்கு ஒண்ணும் வராது, நீ அப்பா ஜாடைன்னு சொல்லித்தான் தேத்தினாங்க. எனக்கு அது வேண்டாமாயிருந்துச்சு, அம்மாதான் வேணும்னு இருந்துச்சு." குழாயை மூடினாள். "திங்கட்கிழமை நேரத்தை ரத்து பண்ணாதே. நீயும் வா. நான் பாதியில எழுந்து ஓடினா பிடிச்சு உட்கார வை."

பிடித்து உட்கார வைக்கத்தான் வேண்டியிருந்தது. திங்கட்கிழமை இல்லை, அறுவைக்குக் குறித்த நாளன்று. பச்சை அங்கியைப் போட்டுக் கட்டிலில் உட்கார்ந்தவள், டாக்டர் பேனாவால் மார்பில் கோடு போட்டுவிட்டுப் போனதும் சட்டென்று இறங்கிச் செருப்பைத் தேடினாள். "என்னால முடியலைக்கா. நல்லா இருக்கறதை எடுக்கறாங்கக்கா" என்றாள். செருப்பை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். அதைத்தான் என்னால் செய்ய முடிந்தது. அவள் கணவர் கதவோரத்தில் நின்று அழுதார். ஆள் வந்து கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்வரை அவள் என் மணிக்கட்டை விடவில்லை. நக அடையாளம் நாலு நாள் இருந்தது.

எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எட்டாம் நாள் முடிவு வந்தது. எங்கேயும் எதுவும் இல்லை. டாக்டர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். ஹாரன் இரண்டு பக்கமும் குழாய் தொங்க, சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"ஒண்ணும் இல்லைன்னா, அப்ப எதுக்குக்கா எடுத்தேன்? வராமலேயே போயிருந்தா?"

"போயிருக்கலாம். அதை இனி யாராலயும் சொல்ல முடியாது" என்றேன். பொய் சொல்ல மனசு வரவில்லை. "ஒண்ணும் இல்லாத உடம்பை வெச்சுக்கிட்டு நான் இருபத்தாறு வருஷம் செத்துச் செத்துப் பிழைச்சேன். நீ ஆறு மாசத்துல முடிச்சிருக்கே. என்கிட்ட வந்து கணக்குக் கேட்காதே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் இழுக்கும். "சிரிக்க வைக்காதக்கா, வலிக்குது" என்று சிரித்துக்கொண்டே அழுதாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அத்தை வந்தாள். எழுபது வயதாகிவிட்டது, கோலூன்றி வந்தாள். கட்டிலைப் பார்த்து அழுதாள், இறந்துபோன எங்கள் அப்பாவை நினைத்து அழுதாள். கொஞ்சம் ஆறியதும், ஜன்னலோரம் நின்றிருந்த குழந்தை அவள் கண்ணில் பட்டது. பக்கத்தில் இழுத்தாள். பழக்கதோஷம், வேறென்ன சொல்ல. இரண்டு விரல் முகவாய்க்குப் போனது. முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"நல்லவேளை, இவ அப்படியே பெரியம்மாவை..."

"அத்தை" என்றாள் ஹாரன்.

எட்டு நாளாகப் பிறர் தூக்கிவிடாமல் எழ முடியாதவள், ஒரு கையைக் கட்டில் கம்பியில் ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தாள். வலியில் உதடு வெளுத்துப் போயிருந்தது. குழாய்கள் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

"அவ மூஞ்சியிலேர்ந்து கையை எடுங்க."

அத்தை கையை எடுத்துவிட்டாள். குழந்தை ஓடிவந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. முகத்தை யாருக்கும் காட்டாமல் அம்மாவின் பக்கமே திருப்பி வைத்திருந்தது.